பூஜ்யத்த ஒண்ணாக்கினவ

இல்லீங்க சார், அந்த நாற்காலி வாணாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல ஒக்காருங்க. வேலூர்லேந்து இம்மாந்தூரம் மலை ஏறி வந்திருக்கீங்க, ஒரே ஒரு நம்பருக்காக. நூத்திப் பதினேழாவது வூட்டு ஃபாரத்துல பூஜ்யம்னு இருந்தது எப்படி ஒண்ணாச்சுன்னுதானே கேக்கறீங்க? நாந்தான் மாத்தினேன். அம்சவல்லி, அட்மின். ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல, உங்க கையில இருக்கற பேப்பர்லயே என் பேரு, தேதி, மணி, நிமிஷம் எல்லாம் இருக்குதே.

ஏன் மாத்தினேன்னா... இருங்க சார், சொல்றேன். மொதல்ல நா எப்பேர்ப்பட்ட அட்மின்னு நீங்க தெரிஞ்சிக்கணும். வேலைய வுட்டுத் தூக்கறதுன்னாலும் முழுசா தெரிஞ்சிக்கினு தூக்குங்க.

ரெண்டு வருசம் முன்னாடி இந்த ரத்தசோகை ஆராய்ச்சிய ஆரம்பிச்சப்ப, இங்க கம்ப்யூட்டர் படிச்சவ நா ஒருத்திதான்னு அட்மின் ஆக்கிட்டாங்க. படிச்சவன்னா இன்னா, போளூர்ல ஆறு மாசம் டைப்பிங்கு. யார் எந்த வூட்டுக்குப் போவணும், யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம், எல்லாம் நாந்தான் போடணும். அன்னிக்கு சாயங்காலம் எங்க வூட்டுக்காரர்கிட்ட, இனிமே என்ன அட்மின் மேடம்னு கூப்புடுங்கன்னேன். அவரு ஒரு பக்கெட்ட கையில குடுத்து, கொழாயில தண்ணி வர்ற நேரம் மேடம்னாரு.

மொத வாரமே சாதனை பண்ணேன் சார். பர்மிஷன் லிஸ்ட்ட சுத்தம் பண்றேன்னு தேவையில்லாத பேரையெல்லாம் எடுத்தேன். என் பேரையும் சேத்து எடுத்துட்டேன். மூணு நாளு அட்மினே உள்ள நொழைய முடியாம வெளிய நின்னேன், உங்க ஆபீசுக்குத்தான் போன் போட்டு அழுதேன். அடுத்த வாரம், மேப்பப் பார்த்து யாருக்கு எந்த வூடுன்னு பிரிச்சேன். மேப்புல ரெண்டு ஊரும் ஒரு வெரக்கட தூரம். நடுவுல பள்ளம் இருக்கறது மேப்புக்குத் தெரியல. எனக்குத் தெரியும், நா பொறந்ததே இந்த மலையிலதான். ஆனா ஸ்கிரீனப் பார்த்தா தெரிஞ்சதெல்லாம் மறந்துடுது. வூடு வூடா போயி கணக்கெடுக்கற விஜயராஜ் பாவம், அந்தப் பள்ளத்துல எறங்கி ஏறி, பொழுது சாயறப்ப வந்து டேப்லெட்ட மேசை மேல வெச்சிட்டு, அக்கா, இத்த நீயே வெச்சிக்கோன்னுட்டான்.

அப்புறம் அந்த சொந்தக்காரங்க ரூலு. உங்க ஆபீசுலேந்துதான் வந்துச்சு. யாரும் தன்னோட சொந்தக்காரங்க வூட்டுக்குப் போவக் கூடாது, அவங்கவங்க சொந்தத்த டிக் பண்ணிடணும். இந்த மலையில போயி அந்த ரூலா சார்? விஜயராஜ் கூட வேலை செய்யற நதியா அறுவது வூட்ட டிக் பண்ணா. அவன் எம்பது. மாமன் வூடு, மச்சான் வூடு, பொண்ணு குடுத்த வூடு, எடுத்த வூடு. சிஸ்டம் பார்த்துச்சு, போறதுக்கு ஆளே இல்லன்னு பாதி மலைய என் தலையில கட்டிடுச்சு. ஏன்னா ஒரு டிக்கு கூட போடாதவ நா ஒருத்திதான். அப்புறம் கெஞ்சிக் கூத்தாடி, ரொம்ப நெருங்கின சொந்தம் மட்டும் போட்டா போதும்னு வாங்கினேன். அப்படித்தான் நூத்திப் பதினேழாவது வூடு நதியாவுக்குப் போச்சு.

ஆமாங்க சார், விசயத்துக்குத்தான் வர்றேன்.

அந்த வூட்டுக்காரரு வடிவேலு. வயசு நாப்பத்தாறு, சாமை போடறாரு, புளி இருக்குது. அவரு ரத்தத்துல அந்தப் பரம்பரைக் கோளாறு இருக்குன்னு வந்துச்சு. அப்படி வந்தா கூடப்பொறந்தவங்க எத்தினி பேருன்னு கேக்கணும். எத்தினின்னு போடறமோ அத்தினி பேருக்கும் ரத்தம் எடுக்க சிஸ்டமே வேலை போட்டுடும். நதியா கேட்டா. யாருமில்லன்னாரு. பூஜ்யம்னு போட்டு கையெழுத்து வாங்கிக்கினு வந்துட்டா. அவ மேல தப்பில்ல சார், சின்னப் பொண்ணு, அவளுக்கு இன்னா தெரியும்.

நா இங்க ஒக்காந்து பார்த்தேன். எனக்குப் பார்க்கத்தான் பர்மிஷன், திருத்த இல்ல. டீ ஆறிப்போற வரைக்கும் அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கினு இருந்தேன். அப்புறம் எனக்கு நானே திருத்தற பர்மிஷன் குடுத்தேன். குடுத்தது அம்சவல்லி, வாங்கினது அம்சவல்லி. ஒண்ணுன்னு மாத்தினேன். ஒடனே பர்மிஷன திரும்ப எடுத்துட்டேன், எடுத்ததும் அம்சவல்லி. மொத்தம் நாலு நிமிஷம். யாருக்கும் தெரியப் போறதில்லன்னு நெனச்சேன் பாருங்க, அந்த அறிவுக்குத்தான் என்ன அட்மின் ஆக்கினாங்க. நாலு நிமிஷத்தையும் சிஸ்டம் எழுதி வெச்சிக்கிச்சு.

காரணம் கேக்கற கட்டத்துலயா? தெரியும்னு எழுதினேன். ஒரே வார்த்தைதான். எதையாவது எழுதலன்னா சேவ் ஆவாதே. அது ஒரு காரணமே இல்லதான், ஒத்துக்கறேன்.

உங்க சந்தேகம் எனக்குப் புரியுது சார். ஒண்ணுன்னு போட்டேன், சிஸ்டம் வேலை போட்டுச்சு, ஒரு ரத்தம் போச்சு, ரிசல்ட்டும் வந்துச்சு. இல்லாத ஆள உண்டாக்கி எவரு ரத்தத்தையோ புடிச்சு அனுப்பிட்டேன்னு நெனக்கறீங்க. நேத்து என் லாகின நிறுத்தினீங்களே, சரிதான், நானா இருந்தாலும் நிறுத்துவேன். நீங்க மேல எழுதிக் குடுத்தா என் வேலை போவும், அதுவும் தெரியும்.

ஆனா ஆளு இருக்குது சார்.

அவருக்கு ஒரு தங்கச்சி. பதினோரு வருசம் முன்னாடி கீழ போளூர்க்காரரு ஒருத்தரைக் கட்டிக்கினு போய்ட்டா. வேற ஆளுங்க. அன்னிக்கே அவரு ஓடையில முழுகிட்டு வந்து, தங்கச்சி செத்துட்டான்னு சொல்ட்டாரு. சும்மா வாய் வார்த்தைக்கு இல்ல, காரியம் பண்ணி ஊருக்கே சோறு போட்டாரு. அப்புறம் அவ வேலைக்குன்னு திரும்ப மலை ஏறி வந்தா. சந்தையில எதுக்க வந்துட்டா மனுசன் திரும்பி நின்னுக்குவாரு. அவ தாண்டிப் போற வரைக்கும் பக்கத்துக் கடையில புளி இன்னா வெலைன்னு கேட்டுக்கினு நிப்பாரு. அவரே புளி விக்க வந்தவரு சார்.

நதியாவுக்கு நரம்பு கெடைக்கல, ரெண்டு தபா குத்தினா. இதோ, இந்தக் கையிலதான். எதுக்குக்கா உனக்கு எடுக்கறதுன்னா. டாஸ்க் வந்திருக்குதுடி, எடுன்னேன்.

ஆமா சார். டிக் போடற அன்னிக்கே நா அவரைப் போட்டிருக்கணும். அது என் தப்பு, எழுதிக்குங்க. செத்தவ எப்படி சொந்தத்த டிக் பண்றதுன்னு எனக்கும் அன்னிக்கு ஒரு ரோசம்.

ரிசல்ட்டா? அதேதான். அவருக்கு இருக்கற அதே கோளாறு எனக்கும் இருக்குது. டாக்டரம்மா பயப்படாதே, மாத்திரை இருக்குதுன்னாங்க. சொன்னா சிரிப்பீங்க, எனக்கு சந்தோசமா இருந்துச்சு சார். நெலத்துல பங்கில்ல, புளியமரத்துல பங்கில்ல, இது ஒண்ணுலதான் எங்க அண்ணனால என்ன வெலக்க முடியல.

வேலைய எடுக்கறதுன்னா எடுங்க, நா ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்த ஒண்ண மறுபடியும் பூஜ்யம் ஆக்கறதுன்னாலும் ஆக்குங்க, உங்களுக்கு பர்மிஷன் இருக்குது. காரணம் மட்டும் நீங்கதான் எழுதணும், நா எழுத மாட்டேன். யோசிச்சு எழுதுங்க சார், நா போயி டீ சொல்லிட்டு வர்றேன்.