காலர் வைத்த போர்வை

பக்கத்து சீட்டில் ஒரு தாய்க்கும் மகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவருக்குத் தலையில்லை என்றே நம்பிவிட்டேன். சட்டைக் காலர் இருந்தது, மேலே ஒன்றுமில்லை. ஊட்டி பஸ் மூடுபனியில் மிதந்துகொண்டிருந்தது. எனக்கோ அவசரத்துக்கு ஒரு சாமி பெயரும் நினைவுக்கு வரவில்லை.

மகள் அந்தத் தலையில்லாதவரைத் தூக்கி அம்மா மடியில் வைத்தாள்.

“அப்பா சட்டையெல்லாம் சேத்துத் தச்ச போர்வைம்மா. போத்திக்க. அவரு போனதுல இருந்து நீ தூங்கவேயில்ல.”

அம்மா அதை விரித்துப் போர்த்திக்கொண்டு, அதிலிருந்த சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டார்.

“உங்கப்பா குறட்டைய மட்டும் சேக்காம தச்சுட்டாரே கண்ணு அந்த டெய்லர். அதில்லாம எப்படித் தூங்கறது?”

“மேடேறுற பஸ்ஸு போடற சத்தம் பத்தாதா?”

அம்மா சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தலை மகள் தோளில் சாய்ந்தது.

அருவங்காட்டில் கண்டக்டர், “எறங்கோணும்னீங்களே” என்றார்.

மகள் உதட்டில் விரல் வைத்து, தூங்கும் அம்மாவைக் காட்டி, ஊட்டிக்கு இரண்டு டிக்கெட் வாங்கினாள்.