செவப்புப் படகுல இருக்க ஆளு

— மிஷின நிப்பாட்டு, பாலகுருண்ணே.

— ஏ வாணி, கைய எடு! ரோலருக்குள்ள போயிருந்தா என்னத்துக்காவ? லீவுல வந்த பிள்ள, அண்ணனுக்குச் சோத்தக் கொடுத்தோமா, வீட்டப் பாக்கப் போனோமான்னு இரு.

— இந்தப் படத்த யாரு கொடுத்தா?

— பட்டாசுக் கம்பெனிக்காரக. அவுக காலண்டர் ஆர்டருதான் அச்சுல ஓடுது. அந்தக் கம்பெனி மொதலாளி மகன் பிரபாகரன் இமயமலைக்குப் போயி, அருவியில ஒத்த ஆளா படகு விட்டுருக்காப்ல. இந்தா பாரு, செவப்புப் படகு மூக்கக் குத்திக்கிட்டு நொரைக்குள்ள எறங்குது! கீழ எளுதிருக்கத வாசி.

— வாசிச்சேன். ‘அச்சம் அறியா எங்கள் இளைய முதலாளி.’ பச்சப் பொய்யி.

— மெல்லப் பேசு தாயி. போர்மேன் காதுல விழும்.

— விழட்டும்! அந்தாளு அங்கன படகுலயே ஏறலண்ணே.

— ஒனக்கு எப்படித் தெரியும்?

— நான் வேல பாக்குற சுத்துலாக் கம்பெனி மூலமாத்தான அங்கன வந்தாரு. மலைக்கு மேல, ரோடே இல்லாத எடத்துல ஒரு ஓடை. படகத் தோள்ல தூக்கிக்கிட்டு நாளெல்லாம் ஏறணும். பனி உருகி வர்ற தண்ணி, கைய வச்சா மரத்துப் போகும். அருவிக்கு மேல நின்னு எட்டிப் பாத்தவரு, அப்படியே பாறையில உக்காந்துட்டாரு. ‘நான் எறங்கல’ன்னுட்டாரு.

— பயம் யாருக்கும் வரத்தான செய்யும்.

— பயந்ததையா குத்தஞ் சொல்றேன்? பயமில்லாம அதுல எறங்குறது கிறுக்குண்ணே. போட்டோக்காரனக் கூட்டி வந்தாச்சு, சும்மா திரும்புனா அசிங்கம்னு, தான் போட்டிருந்த சட்டையையும் ஹெல்மெட்டையும் கழட்டி, வழிகாட்ட வந்த ஆளுக்கு மாட்டிவிட்டு, ‘நீ போ’ன்னாரு.

— சொன்னா ஒடனே போயிருவானாக்கும்?

— அவரு சொல்லாட்டியும் அந்த ஆளு போயிருக்கும். எத்தனையோ நாளா அந்த ஓடையிலயே கண்ணா இருந்துச்சு. எறங்குன வேகத்துல படகு கவுந்திருச்சு. தலைகீழா, தண்ணிக்குள்ள. பாறை வந்து தோள்ல இடிக்குது. மூச்ச அடக்கி, துடுப்பத் தடவிப் பிடிச்சு, இடுப்ப ஒரு வெட்டு வெட்டி நிமிந்துச்சு. கரைக்கு வந்து பாத்தா, அவரு கேமராவத்தான் பாத்துக்கிட்டு நிக்காரு. ‘படம் நல்லா விழுந்துருக்கா’ங்காரு. உசுரோட இருக்கியான்னு ஒரு வார்த்த கேக்கலண்ணே!

— கேடுகெட்ட பய! நேத்து இங்கன வந்து, ‘என் படத்துல செவப்பு மங்குது’ன்னு அம்புட்டுப் பேரு முன்னாலயும் என்னய ஏலே ஏலேன்னு பேசிட்டுப் போனான். அவன் படமாம்ல, அவன் படம்!

— அப்ப நிப்பாட்டு.

— வெளையாடுதியா? பாதி லோடு ஓடிருச்சு. நிப்பாட்டுனா இன்னைக்கே என்னய வெளிய தள்ளிருவாக. இம்புட்டுக்கும் ஒனக்கு என்ன வந்துச்சு? நீ அங்கன ஆபீசுல உக்காந்து புக்கிங் எடுக்குற பிள்ள. பள்ளிக்கூடத்துல நீச்சல்ல கப்பு வாங்குனவதான், இல்லங்கல. தண்ணிப் பக்கமே போகாத வேலன்னு அம்மா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணித்தான ஒன்னய ரயிலேத்திவிட்டேன்? வம்ப இழுத்து வச்சயின்னா வீட்டுல மறுபடி அனுப்புவாகளா?

— அனுப்ப மாட்டாக. தெரிஞ்சுதான் இம்புட்டு நாளும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். இதப் பாத்தப்புறம் முடியலண்ணே. ஊருல ஒவ்வொரு வீட்டுச் செவத்துலயும் வருசம் பூரா இந்தப் பொய்யி தொங்கணுமா?

— தண்ணிக்குள்ள கவுந்தவனுக்கே இல்லாத ரோசம் ஒனக்கு எதுக்குங்கேன்?

— ரோசம் இருக்கு.

— இருந்தா எங்க போனான்? ஆம்பளயா இருந்தா இங்கன வந்து, ‘அது நாந்தாம்லே’ன்னு என் மொகத்தப் பாத்து ஒரு வார்த்த சொல்லட்டும். வேல போனாப் போகுதுன்னு அந்த நிமிசமே மிஷின நிப்பாட்டுறேன்.

— நிப்பாட்டுண்ணே. அது ஆம்பள இல்ல. நாந்தேன்.