உப்பு விழுந்த பாத்தி

முட்டைக்கோஸை யாரும் வீட்டில் விதை போட்டு வளர்க்க மாட்டார்கள் மேடம். கடையில் வாங்கினால் வேலை முடிந்தது என்பார்கள். ஆம்பூர் வெயிலுக்கு அது உருண்டை கட்டாது என்பதும் அவர்கள் பேச்சுதான். ஐப்பசியில் விதைத்தால் மார்கழிக் குளிருக்குக் கட்டும். பொறுமை வேண்டும், அது எனக்கு நிறையவே உண்டு.

என் வீட்டுக்காரர் வீரபாகு குடிப்பாரா, அடிப்பாரா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். கிடையாது. தங்கமான மனுஷர், அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் கொல்லை உவர் மண். என் அம்மா வீடு இருக்கும் ஒடுகத்தூரிலிருந்து செம்மண்ணை மூட்டை கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தோம். தோளில் சுமந்தது அவர்தான். போர் தண்ணீர் கரிக்கும் என்பதால், தெருக்குழாயில் எப்போதாவது வரும் நல்ல தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துச் செடிக்கு ஊற்றினேன். அதற்காக நாங்கள் குடிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டோம்.

போன வருஷங்களில் வெறும் இலைதான். பக்கத்து வீட்டு முனவ்வர் பேகம் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னா பூரணி, இந்த வாட்டியும் ஆட்டுக்குத்தானா?" என்று சிரிப்பார். எனக்கு வயிறு எரியும். இந்த வருஷம் நடு இலைகள் உள்பக்கமாக மடங்கின. தொட்டால் கெட்டியாக இருந்தது. சந்தோஷத்தில் அழுதேன். அப்புறம் நத்தை வந்து இலையை அரித்தது, அதற்கும் அழுதேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு டேனரியில் பச்சைத் தோலை உதறி உப்பு நீக்குகிற வேலை. அந்த உப்பு அங்கே கேட்பாரற்றுக் கிடக்கும். நத்தையைக் கண்டால் அங்கே வேலை செய்பவர்கள் அதில் ஒரு பிடி வீசிக் கொல்வார்கள். நேற்று நான் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது அவர் பாத்தி ஓரம் குந்தியிருந்தார்.

"இனிமே நத்த வராது பூரணி. ஒரு மூட்ட உப்பு, ஜாஸ்தியாவே போட்டுட்டேன். கரையட்டும்னு போர் தண்ணியும் விட்டுட்டேன்."

முகத்தில் அவ்வளவு பெருமை. செத்த நத்தைகளைக் காட்ட மறுபடி குனிந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. மண்வெட்டி கைக்கு எட்டியது, பின்மண்டையில் போட்டேன். விழுந்தவர் கையை ஊன்றி ஒரு செடியை நசுக்கினார். அதனால் கையிலும் போட்டேன். அப்புறம் எங்கெங்கே போட்டேன் என்பது நினைவில்லை.

"இன்னா சத்தம்?" என்றார் பேகம், சுவருக்கு அப்பாலிருந்து.

"ஒண்ணுமில்லக்கா, மண்ணு கொத்திட்டிருக்கேன்."

என் வீட்டுக்காரர் இன்னும் சாகவில்லை. "தண்ணி குடு பூரணி" என்றார். திரும்பத் திரும்பக் கேட்டார். டிரம்மில் பாதிதான் இருந்தது மேடம். உப்பு வேருக்கு இறங்குவதற்குள் அதைக் கழுவிவிட்டாக வேண்டும். குடம் குடமாகப் பாத்திக்கே ஊற்றினேன். அடியில் ஒரு டம்ளர் அளவு தங்கியது, அதையும் ஊற்றினேன். நிமிர்ந்தபோது அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். ஆனால் நேற்றிலிருந்து நானும் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன், ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். செடி பிழைத்ததா, இல்லையா?