குருக்கள்மடத்துப் பதுங்குகுழி

நிப்பைக் கொஞ்சம் துடைத்துவிட்டு எழுதுங்கள், ஐயா. மை கசிகிறது. இருபத்தாறு வருடம் காணிப் படம் வரைந்து பிழைத்தவன் நான். யாராவது எழுதினால் என் கண் முதலில் நிப்புக்குத்தான் போகும். இந்த வாக்குமூலமாவது தெளிவாக இருக்க வேண்டும். மரண விசாரணையில் எழுதிய தாளை நான் வாசித்தேன். கையெழுத்தும் சரியில்லை, முடிவும் சரியில்லை.

என் பெயர் கதிர்காமத்தம்பி. வயது ஐம்பத்தெட்டு. மனைவி இறந்து பத்து வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டாம் ஆண்டு தை மாதம் குருக்கள்மடத்துக்கு ஏ.ஆர்.பி. வார்டனாக என்னை நியமித்தார்கள். விமானம் குண்டு போட வந்தால் விசில் ஊதி சனங்களைப் பதுங்குகுழிக்குள் அனுப்புவது என் வேலை. ஒரு தொப்பி, இரண்டு விசில், கையில் கட்ட ஒரு பட்டி தந்தார்கள். வேறு யாரும் அந்த வேலையைக் கேட்கவில்லை. நான் கேட்டு வாங்கினேன்.

என் வீட்டு முன்னறைச் சுவரில் நானே வரைந்த கடற்படம் ஒன்று இருக்கிறது. யப்பானியர் பிடித்த தீவுகளைச் சிவப்புப் பென்சிலால் நிரப்புவேன். மாசியில் சிங்கப்பூர். அதன்பின் சுமாத்திரா, யாவா. பங்குனியில் அந்தமான். அடிமட்டத்தை வைத்து அளந்தேன். அந்தமானிலிருந்து எங்கள் கரைக்கு எண்ணூறு மைல். குருக்கள்மடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு றோட்டு. படத்தில் பார்த்தால் நாங்களும் ஒரு தீவு மாதிரித்தான். அடுத்தது நாங்கள் என்று கணக்குத் தெரிந்த எவனும் சொல்வான். நான் சொன்னேன். சந்தையில் சொன்னேன், கோயிலில் சொன்னேன். கேட்டுவிட்டு மீன் வாங்கப் போனார்கள்.

பதுங்குகுழியை வாவிப் பக்கம், வயல்வட்டை தொடங்குகிற இடத்தில் வெட்டுவித்தேன். கடற்கரை மணலில் சுவர் நிற்காது. வாவிப் பக்கத்தில் தென்னைகள் மறைக்கும். ஆளுயரத்துக்கு மேல் ஆழம், இறங்கப் படி, மேலே பனங்குற்றி அடுக்கி மண் மூடினோம். வாசலுக்குக் கனத்த பலகை மூடி. ஊர்த் தலைவர் விதானையார் வந்து பார்த்துவிட்டு, "இது பள்ளக்காணி. மாரியில வாய்க்கால் பெருகினா தண்ணி இதுக்குள்ளதான் வரும்" என்றார். அதை நான் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் எடுத்துப் பார்க்கலாம்.

சித்திரை பிறக்க முன்னர், ஏப்ரல் ஒன்பதாம் திகதி காலையில் அவர்கள் வந்தார்கள். விமானச் சத்தம் கேட்டதும் விசில் ஊதினேன். ஏறக்குறைய நாற்பது பேர் குழிக்குள் இறங்கினார்கள். அந்த நேரம் எனக்கிருந்த நிம்மதியை உங்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடல் பக்கம் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. யாரோ மேலே நின்று, "கப்பல் ஒண்டு பத்தி எரியுதாம்" என்றான். நாற்பது பேரும் என்னைத் தள்ளிக்கொண்டு ஏறிக் கரைக்கு ஓடினார்கள். ஒரு பெண் என் தோளில் கால் வைத்து ஏறினாள். நான் விதிப்படி நாற்பத்தைந்து நிமிடமும் தனியாகக் குழிக்குள் இருந்தேன். வெளியே வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. புகையைக்கூட நான் பார்க்கவில்லை.

"இப்பிடி ஒரு காட்சி இனி ஆருக்குக் கிடைக்கும்? நீங்க மட்டும் குழிக்குள்ள இரிந்தீங்களே" என்று ஒரு மாதம் வரை கேட்டார்கள். இந்த யுத்தத்தில் இதுவரை எங்கள் கரைக்கு வந்தது அது ஒன்றுதான், ஐயா.

அதற்குப் பிறகுதான் மூடிக்கு வெளிப்பக்கம் இரும்புக் கொண்டி போட்டேன். மாடு மிதித்து மூடி விலகாமல் இருக்க என்று விதானையாரிடம் சொன்னேன். அது பொய். நேரம் முடியுமுன் யாரும் வெளியே வரக்கூடாது என்பதற்காகப் போட்டேன்.

ஆனால் யுத்தம் எங்களை விட்டுப் போய்விட்டது. ஆனியில் மிட்வே என்றார்கள். ஆவணியில் சொலமன் தீவுகள். பேப்பர் ஒரு நாள் பிந்தி பஸ்ஸில் வரும். என் படம் யாவாவோடு முடிந்திருந்தது. தாள் ஒட்டி நீட்டினேன். பிறகும் நீட்டினேன். சுவர் முடிந்து மற்றச் சுவருக்குப் போனேன். முன்பு நாற்காலியில் இருந்தபடியே எட்டுகிற தூரத்தில் நடந்த சண்டைக்கு, எழுந்து அறையின் மூலைக்கு நடக்க வேண்டியிருந்தது. பெயர் தெரியாத தீவுகளில் யார் யாரோ மாறி மாறிச் செத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கரையில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை தோறும் பின்னேரம் பயிற்சி. முதலில் நாற்பது பேர். பிறகு பன்னிரண்டு. ஐப்பசியில் மூன்று. கார்த்திகையில் யாரும் வரவில்லை. நான் விசில் ஊதிவிட்டு வெறுங்குழிக்குப் பக்கத்தில் நாற்பத்தைந்து நிமிடம் நிற்பேன். பட்டினத்து ஏ.ஆர்.பி. அலுவலகத்துக்கு நாலு கடிதம் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. மேலதிகமாகக் கொடுத்த ஒரு விசிலைத் திருப்பி அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்.

புஸ்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அக்கா இலட்சுமிப்பிள்ளையின் ஒரே மகள். இருபது வயது. நல்ல பிள்ளை. எனக்கு அக்கா வீட்டிலிருந்து சோறு கொண்டு வருகிறவள் அவள்தான். ஒருநாள் படத்தைப் பார்த்துவிட்டு, "யப்பான்காரன் அங்கால போயிட்டானே மாமா. இனி ஏன் இந்த விசில்?" என்று கேட்டாள். வஞ்சகமில்லாமல்தான் கேட்டாள். நான் சோற்றைச் சாப்பிடவில்லை.

அடுத்துச் சொல்ல வேண்டியவர் மீராசாஹிப். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் புடவை மூட்டை கொண்டுவந்து விற்கிறவர். அவரும் புதன்கிழமைதான் வருவார். நான் விசில் ஊதும் நேரத்தில் பெண்கள் அவருடைய மூட்டையைச் சுற்றி நிற்பார்கள். ஒருமுறை அவர் இரண்டு விரலை வாயில் வைத்து என்னைப் போலவே ஊதினார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே என்னிடம் வந்து, "பகிடிக்குச் செய்தன். குறை நினைக்காதீங்க ஐயா" என்றார். நான் ஒன்றும் நினைக்கவில்லை என்றேன். நல்ல மனிதர்.

மார்கழியில் ஒரு கிழமையாக மழை. வாவி நிறைந்து நின்றது. குழிக்கு அருகில் ஓடுகிற வாய்க்காலின் அணை இளகிக் கிடந்ததை அன்று காலையிலேயே போய்ப் பார்த்தேன். காலால் அழுத்தினால் மண் உள்ளே போனது. புதன்கிழமை. பின்னேரம் மூன்று மணிக்கு மழை கொஞ்சம் விட்டது. மீராசாஹிப் அக்கா வீட்டில் ஒதுங்கியிருந்தார். புஸ்பத்துக்குத் தையில் கலியாணம் பேசியிருந்தது. பச்சைச் சேலை ஒன்றை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தகப்பன் வினாயகமூர்த்தி அத்தான் மாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். நான் வாசலில் நின்று விசில் ஊதினேன்.

"இந்த மழைக்குள்ளயா தம்பி?" என்றாள் அக்கா.

"பயிற்சிக்கு மழை வெயில் இல்ல" என்றேன்.

புஸ்பம் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். மீராசாஹிப் சிரிக்கவில்லை. மூட்டையை மூடி வைத்துவிட்டு எழுந்தார். "பாவம், அவர் தனிய நிக்காரு. வாங்க தங்கச்சி, நாம மூணு பேரும் போய் இரிந்திட்டு வருவம். முக்கா மணித்தியாலந்தானே" என்றார்.

பாவம் என்றார். அதை அப்படியே எழுதுங்கள்.

மூன்று பேரும் இறங்கினார்கள். உள்ளே கணுக்காலளவு தண்ணீர் ஏற்கெனவே நின்றது. மூடியைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். உள்ளே ஆட்கள் இருக்கும்போது கொண்டி போட்டது அதுவே முதல் தடவை. நேரம் மூன்று பத்து.

கொஞ்ச நேரத்தில் உள்ளே சிரிப்புக் கேட்டது. மீராசாஹிப் ஏதோ சொன்னார், புஸ்பம் சிரித்தாள், அக்காவும் சிரித்தாள். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. என்னைப் பற்றியா, வேறெதையும் பற்றியா என்று இன்றைக்கும் தெரியாது.

மழை மறுபடியும் பிடித்தது. மூன்று இருபத்தாறுக்கு அணை உடைந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பதினைந்து அடி. முதலில் கையகலம், பிறகு ஒரு கதவகலம். தண்ணீர் புல்லைச் சாய்த்துக்கொண்டு வந்து, மூடியின் இடுக்குகளால் சுழன்று உள்ளே இறங்கியது.

"மாமா, தண்ணி வருது" என்றாள் புஸ்பம்.

ஒவ்வொரு பயிற்சியிலும் சனங்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள். பாம்பு என்பார்கள், அடுப்பில் உலை என்பார்கள். மீராசாஹிப் மூடியைத் தோளால் இடித்தார். "ஐயா, கொண்டிய எடுங்க. இது விளையாட்டில்ல. பொம்புளயள் இரிக்காங்க" என்றார். அப்போதும் மரியாதையாகத்தான் பேசினார்.

"இன்னும் இருவத்தொம்பது நிமிசம் இரிக்கி" என்றேன். மழைச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்க வேண்டுமென்று குனிந்து, மூடியில் வாயை வைத்துச் சொன்னேன்.

பிறகு அக்கா பேசினாள். என்னைத் தூக்கி வளர்த்தவள். "தம்பி, புள்ளயயாவது எடுடா" என்றாள்.

எனக்கு முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. நான் தென்னையடி மேட்டில் ஏறி நின்றேன். மணிக்கூடு நனையாமல் தொப்பிக்குள் வைத்துப் பார்த்தேன். மூடியை இடிப்பது குறைந்தது. மூன்று முப்பத்தெட்டுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. மறைக்காமல் சொல்கிறேன்: ஒரு வருடத்தில் ஒரு பயிற்சி ஒழுங்காக நடந்தது அன்றைக்குத்தான் என்று அப்போது எனக்குப் பட்டது.

மூன்று ஐம்பத்தைந்துக்கு ஆபத்து நீங்கியதற்கான நீண்ட விசிலை ஊதினேன். மூடி தண்ணீருக்கடியில் கிடந்தது. கையை விட்டுத் தடவிக் கொண்டியை எடுத்தேன். பிறகு றோட்டுக்கு நடந்துபோய் முதலில் கண்ட மனிதனிடம் சொன்னேன்.

இனி நான் எதற்காக இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன் என்று சொல்கிறேன். விசாரணைக்கு வந்த துரை நான் பேசியதைக் கேட்கவில்லை. "அவங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டது" என்றேன். அவர் என் தோளில் கை வைத்து, துக்கத்தில் பேசுகிறேன் என்று சொல்லி, தற்செயலான மரணம் என்று எழுதினார். வெள்ளம் அடித்துக் கொண்டி இறுகிவிட்டதாம், மழையில் வார்டனுக்குக் கூப்பாடு கேட்கவில்லையாம். மீராசாஹிப்பின் மனைவி சித்தி நபீஸா தன் தம்பியிடம் சொல்லி அனுப்பினாள்: "அல்லாட நாட்டம் அது. அந்த ஐயாவ ஆரும் குத்தம் சொல்லப்படாது." ஊரில் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்துகிறார்கள். பாவம், பொல்லாத மனுசனில்ல, கொஞ்சம் மண்டை பிசகு என்கிறார்கள்.

நான் செய்த இதையும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள், ஐயா.

அத்தான் ஒவ்வொரு நாளும் தானே சமைத்து எனக்குச் சோறு கொண்டு வருகிறார். மகளையும் மனைவியையும் ஒரே நாளில் புதைத்த மனிதர். கறியில் உப்பு இருக்காது. முந்தாநாள் எனக்கு முன்னால் இருந்து அழுதார். "நீ உன்னப் போட்டு வருத்தாத தம்பி. உனக்குக் கேட்டிரிந்தா எடுத்திரிப்பாய்தானே" என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, சோற்றைச் சாப்பிடச் சொன்னார்.

நீங்களும் நான் வந்தவுடன் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னீர்கள். பரவாயில்லை. இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

கொண்டியை எடுக்க எவ்வளவு நேரம் போகும் என்று கேட்டீர்கள். ஒரு நொடி போதும். அது இறுகவில்லை; நான் எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். அவர்கள் சாகப்போகிறார்கள் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். அக்கா பேசியபோதே தெரியும். ஏன் எடுக்கவில்லை என்றால், அதில் விளங்காமல் போக ஒன்றுமில்லை. எடுத்திருந்தால் மூன்று பேரும் தொப்பலாக நனைந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி வெளியே வந்திருப்பார்கள்.