சக்கரத்தைத் திருப்பி நிறுத்தும் வேல்முருகன் அவர்களுக்கு

மலைப்பாதையின் வளைவுகளை மனத்தில் எழுதி வைத்தவரே, மழையிலும் மூடுபனியிலும் மழலைகளை வீடு சேர்த்தவரே, நம் மலையின் அரியூர் நாட்டில் உள்ள எங்கள் பள்ளியின் வேனை இருபத்தாறு ஆண்டுகள் ஓட்டி இன்று ஓய்வு பெறும் அன்பிற்குரிய வேல்முருகன் அவர்களே, வணக்கம்.

நேரம் தவறாமை, நெற்றி நிறைந்த திருநீறு, நிதானம் குலையாத பேச்சு என உங்களிடம் பாராட்டப் பல உண்டு. ஆயினும், உங்கள் வாழ்வின் கனத்த நாளை விட்டுவிட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். அதை எழுதலாமா என்று கேட்டோம். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே. மாப்பிள்ளை பேரை மட்டும் மரியாதையாப் போடுங்க" என்றீர்கள்.

நம் மலையில் ஒரு வழக்கம் இருந்தது. நல்ல டயர் மாட்டிய நான்கு சக்கரங்கள் பொதுவில் கிடக்கும். எந்த வண்டிக்கு எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனை வருகிறதோ, அது அவற்றை மாட்டிக்கொண்டு கீழே போகும். சோதனை முடிந்ததும் அடிவாரத்திலேயே கழற்றி, அடுத்த வண்டிக்குக் கொடுத்துவிட்டு, தேய்ந்த பழையதோடு மலையேறும். எங்கள் பள்ளி வேனும் அப்படித்தான் போய் வந்தது. நாங்கள் எல்லோரும் அறிந்தே இருந்தோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் எஃப்.சி. நாளில், உங்கள் தங்கை கண்ணாயியின் கணவர் சின்னுசாமி அடிவாரத்தில் ஜீப்போடு காத்திருந்தார். வேனின் பழைய டயர் ஒன்றில் வெடிப்பு விழுந்து உள்நூல் தெரிந்ததை நீங்கள் பார்த்திருந்தீர்கள். உடன் இருந்த கலைச்செல்வி டீச்சருக்கு அன்றைய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

"கழட்ட மாட்டேன் மாப்ள. சாயங்காலம் பிள்ளைங்கள ஏத்தோணும்."

"ஏனுங்க மச்சான், உங்க ஊட்டுல காய்ச்ச டயராட்டம் பேசறீங்க? நாளைக்கு எனக்கு எஃப்.சி.ங்க."

"உன் டயரும் சரியில்ல. புதுசு வாங்கலாம், நானும் கூட நிக்கறேன். இன்னைக்கு ஜீப்பை இங்கயே போட்டுட்டு வேன்ல ஏறு."

"உங்க வேன்ல ஏறுனா நாளைக்குத்தான் ஊடு சேருவேன்" என்று சிரித்துவிட்டு அவர் ஜீப்பை எடுத்தார். பாதி மலையில் டயர் வெடித்து ஜீப் பள்ளத்தில் விழுந்தது. பிள்ளைகளை ஏற்றப் பள்ளிக்கு வேனில் பின்னால் வந்த நீங்கள்தான் முதலில் இறங்கி அவரை மடியில் தாங்கினீர்கள். அவர் பிழைக்கவில்லை.

சக்கரத்தைக் கொடுத்திருந்தால் உயிர் தங்கியிருக்கும் என்று ஊர் சொன்னது. கண்ணாயி உங்களிடம் பேசுவதை நிறுத்தினார். பள்ளி அந்த வாரமே புது டயர் வாங்கியது. இரவல் சக்கரங்களைத் திருப்பித் தர நீங்கள் போனபோது வாங்க ஒருவரும் கை நீட்டவில்லை.

ஐயா, அன்று மாலை அந்த வேனில் எங்கள் பிள்ளைகள் இருந்தார்கள். சின்னுசாமி அவர்களின் மகள் சுமித்ராவும் இருந்தாள். இதற்கு மேல் உங்களுக்கு ஆறுதல் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. கடவுளுக்குத் தெரிந்திருக்கும்.

அதன்பின் தினமும் காலையில் கண்ணாயி சேற்றில் குந்தி, டயரைத் தடவிப் பார்த்த பிறகே மகளை ஏற்றினார். சில நாளில் நீங்கள் ஒன்று செய்தீர்கள். அவர் வாசலில் வேன் நிற்கும் முன் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, முன்சக்கரத்தின் முகம் வெளியே தெரியும்படி நிறுத்தினீர்கள். நின்றபடியே அவர் பார்த்துக்கொள்ளலாம், குனிய வேண்டியதில்லை. ஒரு சொல்லும் இல்லாமல் இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. இதைவிடப் பெரிய வழிபாட்டை நாங்கள் கண்டதில்லை.

நேற்று உங்கள் கடைசி நடை. வழக்கம்போல் சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினீர்கள். கண்ணாயி அதைப் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தார்.

"நாளையில இருந்து யாரு ஓட்டறது?"

"யுவராஜ்."

"இப்படித் திருப்பி நிறுத்தச் சொல்லிட்டுப் போங்கண்ணா."

நீங்கள் தலையை மட்டும் அசைத்தீர்கள்.

எட்டுக்கை அம்மன் உங்களுக்கு நோயற்ற உடலும் உறங்க முடிகிற இரவுகளும் அருளட்டும். உங்கள் இல்லம் தழைக்கட்டும், உங்கள் தங்கை உங்கள் வாசல் ஏறும் நாள் விரைவில் வரட்டும்.

யுவராஜிடம் நாங்கள் சொல்லிவிட்டோம். இன்று காலை அவர் சக்கரத்தைத் திருப்பித்தான் நிறுத்தினார்.

உங்களை நம்பிப் பிள்ளைகளை ஏற்றியனுப்பிய
ஆசிரியர்களும் பணியாளர்களும்