திறக்குது, கொஞ்சம் இருங்க

—அதைத் தொடாதீங்க. மூடியில வச்சிருக்கற ஸ்க்ரூ எல்லாம் லேப்டாப்போடது.

—கடை முழுக்க ஸ்க்ரூ விக்கறவன்கிட்டயே ஸ்க்ரூவைத் தொடாதேங்கற.

—இந்தப் பொடி சைஸ் உங்ககிட்ட கிடையாது. ஒண்ணு உருண்டு உங்க டப்பாவுக்குள்ள விழுந்தா, கூட்டத்துல தொலைஞ்ச குழந்தை மாதிரிதான்.

—அது சரி. கல்யாணமாகி இத்தனை காலத்துல நீ ஸ்க்ரூ டிரைவர் பிடிச்சு இன்னைக்குத்தான் பார்க்கறேன். எதுக்கு அதோட முதுகைப் பிளந்து வச்சிருக்க?

—பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி போட்டிருக்கேங்க. மூடி மாட்டறதுதான் பாக்கி.

—பேரைக் கேட்டா பரீட்சை எழுதி வாங்கின பட்டம் மாதிரி இருக்கு. என்ன பண்ணும் அது?

—பழசுல உள்ள ஒரு தட்டு சுத்திக்கிட்டே இருக்கும். நாம எதைக் கேட்டாலும் சுத்திச் சுத்தித் தேடித்தான் எடுத்துத் தரும். இதுல சுத்தற சமாச்சாரமே இல்ல. கேட்டா கொடுத்துடும்.

—கேட்டதும் கொடுக்கறவன் எந்த ஊர்லயும் உருப்பட்டதில்ல. அதுல இருந்த நம்ம கணக்கு, ஸ்டாக், விலைப்பட்டியல் எல்லாம்?

—நேத்தே ஒரு கேபிள் மாட்டி, பழசுல இருந்ததை இதுக்கு அப்படியே பிரதி எடுத்துட்டேன். ஒரு கீல், ஒரு கைப்பிடி விடாம வந்திருக்கு. பார்த்தாச்சு.

—யார் சொல்லிக் கொடுத்தா?

—வீடியோ பார்த்தேன். பேட்டரி ஒயரைப் பிடுங்கணும், பழசை உருவணும், புதுசைச் செருகணும். நீங்க கதவுக்குப் பூட்டு மாத்தறீங்களே, அதைவிட சுலபம்.

—எங்க, போட்டுக் காட்டு பார்ப்போம்.

—இருங்க, இந்த மூலையை மட்டும் திருகிடறேன். ம். இப்ப பட்டனை அமுக்கறேன்.

—வரட்டும். அதுக்குள்ள நான் போய் ஷட்டரை இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டுட்டு—

—வந்துடுச்சு.

—என்ன வந்துடுச்சு?

—எல்லாமே. இதோ விலைப்பட்டியல். எந்தப் பூட்டு விலை வேணும், கேளுங்க.

—நான் இன்னும் திரும்பக்கூட இல்லையே.

—அதான் சொல்றேன், நல்லா இருக்குல்ல?

—கெடுத்த. போ. குடியைக் கெடுத்த.

—என்னங்க?

—கேட்டுக்கோ. வியாபாரம்னா என்ன? சரக்கா? இல்ல. விலையா? அதுவும் இல்ல. எதிர்ல இருக்கறவனை உக்கார வைக்கறது. ஒருத்தன் உள்ள வந்து விலை கேக்கறான். நான் என்ன சொல்வேன்? ‘என் கையில என்ன இருக்கு, கம்ப்யூட்டர்ல இருக்கு’ம்பேன். நீ என்ன சொல்வே?

—‘திறக்குது, கொஞ்சம் இருங்க.’

—அவ்வளவுதான். அவன் உக்காருவான். மனுஷன் சும்மா உக்காந்திருந்தா வாய் சும்மா இருக்காது. எந்தக் கடைக்குப் போனான், அவன் என்ன விலை சொன்னான், வேலை எப்ப முடியணும், வீட்டுல யார் திட்டறா, எல்லாம் தானா வெளிய வரும். அது திறக்கறதுக்குள்ள இவன் திறந்துடுவான். ஊருக்கெல்லாம் பூட்டு விக்கறவன் நான். எனக்குன்னு ஒரு சாவி இருந்துச்சுன்னா அது இந்த லேப்டாப்தான். அதைப் போய் நீ ரிப்பேர் பண்ணி வச்சிருக்க.

—உங்களுக்கு அது சாவி. எனக்குச் சாயங்காலம் கணக்கு முடிக்கறதுக்குள்ள கழுத்து ஒடியுது. ஒரு பில்லை சேமின்னு சொன்னா, பொண்ணு கேட்டு வந்த மாதிரி யோசிக்குது.

—மாத்தினதைத் தப்புன்னு சொல்லல. இன்னைக்கா மாத்தறது? காண்ட்ராக்டர் வர்ற நாள். லாட்ஜ் மொத்தத்துக்கும் பூட்டு, கீல், கைப்பிடி. இது நல்ல விலைக்குப் படிஞ்சாத்தான் அடுத்த தெருவுல நாம பார்த்து வச்சிருக்கற கடைக்கு முன்பணம் கொடுக்கலாம். இல்லைன்னா அது வேற கைக்குப் போயிடும்.

—அந்தக் கடையில யார் உக்காரப் போறாங்க?

—அதான் பேசி முடிச்சாச்சே. என் தம்பி.

—நீங்க பேசினீங்க, நீங்களே முடிச்சீங்க. என்கிட்ட விடுங்கன்னு நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

—கோவிச்சுக்காத. கணக்குல உன்னை அடிச்சுக்க ஆள் கிடையாது, அதை எங்க வேணா சொல்வேன். ஆனா பேரம் வேற வித்தை. ஆடற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடற மாட்டைப் பாடிக் கறக்கணும். உனக்கு மனசுல இருக்கறது அப்படியே முகத்துல ஓடும். கண்ணாடி பீரோ மாதிரி. உள்ள என்ன இருக்குன்னு தெருவுல போறவனுக்கே தெரியும்.

—உங்க தம்பிக்கு ஓடாதா?

—அவனுக்கு உள்ள ஒண்ணுமே கிடையாது. அது ஒரு வசதி.

—சரிங்க.

—இந்த ‘சரிங்க’ கோவமா, சம்மதமா?

—சரிங்கன்னா சரிங்க.

—அப்ப ஒரு காரியம் பண்ணு. அவர் வர்றதுக்குள்ள அந்தப் பழசைத் திரும்ப உள்ள வச்சுடு. அவர் போனதுக்கப்புறம் உன் இஷ்டம், ராக்கெட்டே மாட்டிக்கோ. நான் பின்னாடி குடோன்ல மாதிரிப் பூட்டெல்லாம் எடுத்து வைக்கறேன். அவர் வந்தா கூப்பிடு.

—சரிங்க.

—மறந்துடாத. பழசு.

—போங்க, போய் பூட்டை எடுங்க.

—முதலாளி இல்லையா, தங்கச்சி?

—வாங்க காண்ட்ராக்டர் அண்ணே. குடோன்ல இருக்காரு. ஏங்க, அண்ணன் வந்திருக்காரு. உக்காருங்கண்ணே.

—உக்காரவெல்லாம் நேரமில்ல. நான் சுத்தி வளைக்கற ஆளு கிடையாது, நேரா விஷயத்துக்கு வந்துடறேன். என்ன வெயில் இது? வண்டியை நிறுத்த இடம் இல்லாம இந்தத் தெருவையே மூணு சுத்து சுத்திட்டேன். சின்னவளுக்கு வேற பல் வலி, வீட்டுல யாருக்கும் தூக்கமில்ல. ஆங், என்ன சொல்ல வந்தேன்? அந்தப் பித்தளைக் கைப்பிடி வச்ச பூட்டு. கடைசி விலை என்ன?

—எனக்கு என்னண்ணே தெரியும்? கம்ப்யூட்டர் சொல்றதுதான்.

—அப்ப அதையே கேட்டுச் சொல்லேன்.

—திறக்குது, கொஞ்சம் இருங்க.

—வாங்க வாங்க. வராத மனுஷன் வந்திருக்கீங்க. தூசி தட்டி எடுத்து வர்றதுக்குள்ள நேரமாயிடுச்சு. இதோ பாருங்க, நீங்க கேட்ட பூட்டு. கையில எடுத்துப் பாருங்க.

—கனம் இருக்கு. ஆனா முதலாளி, நான் சுத்தி வளைக்க மாட்டேன். எதிர்க்கடைக்காரன் இதே பூட்டுக்கு நூத்துக்குப் பத்து தள்ளித் தர்றேங்கறான். காலைப் பிடிக்காத குறை.

—காலைப் பிடிக்கறவன் கை காலியா இருக்கும். சரக்கு வச்சிருக்கானான்னு கேட்டீங்களா?

—அது... வரவழைச்சுத் தர்றேங்கறான்.

—பார்த்தீங்களா.

—நமக்கு ஒண்ணும் அவசரமில்ல, முதலாளி. நாலு கடை ஏறி இறங்கி வாங்கற ஆளு நான். என்ன தங்கச்சி, ஆச்சா?

—திறக்குதுண்ணே.

—போன தடவை வந்தப்ப கர்ரு கர்ருன்னு ஒரு சத்தம் வந்துச்சே. இன்னைக்கு மூச்சையே காணோம்?

—அதாண்ணே எனக்கும் பயமா இருக்கு.

—என்ன பயம்? ஏய், என்ன பயம்?

—சத்தம் வந்தா உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தங்க. இப்ப ஒண்ணுமே கேக்கல.

—காலையில அதோட முதுகைப் பிளக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே.

—பிளந்ததுக்கப்புறம்தானேங்க பார்த்தீங்க.

—முதலாளி, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? நிஜமாவே கெட்டுப்போச்சா?

—எனக்கெங்க வேர்க்குது? இந்த ஃபேன் சரியில்ல. காண்ட்ராக்டர் சார், மெஷின் கிடக்கு விடுங்க. விலை எல்லாம் இந்த மண்டைக்குள்ளேயே இருக்கு. நமக்குள்ள என்ன, நான் வாயாலயே சொல்லிடறேன். நூத்துக்கு ஒரு எட்டு—

—எட்டாவது தட்டுல இருக்கற பூட்டைத்தான் சொல்றாருண்ணே. அது குளியலறைக்கு. ஏங்க, வேணாம். நீங்களா ஒரு விலை சொல்லி, அண்ணனுக்கு அது அதிகமாப் போயிட்டா அப்புறம் யார் முகத்துல முழிக்கறது? இன்னைக்குத் திறக்கலைன்னா ரிப்பேர்க்காரரை வரச் சொல்லலாம். அண்ணனுக்குத்தான் அவசரமில்லையே. அடுத்த வாரம் வரட்டும்.

—அடுத்த வாரமா?

—இல்ல, அதுக்கும் அடுத்த வாரம்னாலும் சரிண்ணே.

—அட இரும்மா. அடுத்த வாரம் லாட்ஜ் திறப்பு. ஓனர் சொந்தபந்தம் மொத்தத்தையும் கூட்டிட்டு வந்து ரூம் ரூமா காட்டப் போறாராம். இங்க கதவு இருக்கு, பூட்டு இல்ல. பெயிண்டர் பையனுங்க கதவுக்குக் கதவு செங்கல்லை முட்டுக் கொடுத்து வச்சிருக்கானுங்க. நேத்து ஓனர் அதுல ஒண்ணுல கால் இடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கே.

—ஐயோ பாவம். எதிர்க்கடையில வரவழைச்சுத் தர்றேன்னாங்களேண்ணே.

—அவன் கிடக்கான். ஒரு மாடிக்குப் போடக்கூட அவன்கிட்ட சரக்கு இல்ல. மிச்ச மாடிக்கு எல்லாம் நான் கட்டை வச்சா அடைக்க முடியும்? கொஞ்சம் அதைத் தட்டிப் பாரேன் தங்கச்சி, சில சமயம் தட்டினா வரும்.

—தட்டினா இருக்கறதும் போயிடும்ணே.

—முதலாளி, நீங்களாவது சொல்லுங்க.

—நான் என்னத்தைச் சொல்ல? அதுகிட்ட என் பேச்சு எடுபடாது.

—சரி, நான் நேரா விஷயத்துக்கு வரேன். நூத்துக்கு அஞ்சு தள்ளிக் கொடுங்க. மொத்த ரூமுக்கும் எழுதுங்க. பாதிப் பணத்தை இப்பவே வச்சுட்டுப் போறேன்.

—அஞ்சுன்னு இருக்குமான்னு தெரியலையேண்ணே. நாம ஒண்ணு பேசி, அது வேற ஒண்ணு காட்டினா?

—அப்ப மூணு. மூணுக்குக் கீழ ஒரு மனுஷன் இறங்க முடியாது. இன்னைக்கே சரக்கு ஏத்தணும், அதுதான் பேச்சு.

—ஆ, வெளிச்சம் வருதுண்ணே. இருங்க. வந்துடுச்சு.

—என்ன போட்டிருக்கு?

—மொத்தமா எடுத்தா நூத்துக்கு... மூணுண்ணே.

—பார்த்தீங்களா முதலாளி? மெஷின் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நான் சொன்னேன். அனுபவம் இருக்கே, அதை எந்தக் கம்பெனிக்காரனாலும் பெட்டியில அடைச்சு விக்க முடியாது.

—உங்க அனுபவத்துக்கு முன்னாடி நாங்க எம்மாத்திரம்.

—கீலுக்கு வேண்டிய ஸ்க்ரூ மட்டும் சும்மா போட்டுக் கொடுத்துடறேண்ணே. அண்ணன் மனசு நிறைஞ்சு போகணும்.

—தங்கச்சின்னா தங்கச்சிதான். முதலாளி, நீங்க கல்லு, இந்தப் பொண்ணுக்குத்தான் சூதுவாது தெரியல. சரி, நான் போய் வண்டியை அனுப்பறேன்.

—போயிட்டாரா?

—தெருமுனை திரும்பிட்டாருங்க. இனிமே மூச்சு விடுங்க.

—மூணு. நூத்துக்கு மூணு. நான் எட்டு வரைக்கும் இறங்கிட்டேன் தெரியுமா?

—தெரியும். நான்தான் உங்க எட்டை எடுத்துத் தட்டுல வச்சேனே.

—அது என்னவோ உன் வாயில நல்ல நேரத்துக்கு வந்துச்சு. ஆனா எல்லாம் அந்தப் பழைய டிஸ்க் பண்ணின புண்ணியம். செத்த மாதிரி கிடந்தாலும், கடைசியில எப்படிப் பொறுத்து, அவர் மூணுன்னு சொன்னதுக்கப்புறம் கண்ணைத் திறந்துச்சு பார்த்தியா? அதைக் கழட்டாத. இந்த லேப்டாப்பை அப்படியே தூக்கிட்டுப் போய் புதுக் கடையில தம்பி முன்னாடி வச்சுடறேன். பேரத்தை அது பார்த்துக்கும், அவன் பக்கத்துல உக்காந்திருந்தா போதும்.

—டிஸ்க் மட்டும்தான் வேணும்னா, இந்தாங்க.

—இது என்ன?

—பழசு.

—அப்ப உள்ள இருக்கறது?

—புதுசு. காலையில மாட்டினது மாட்டினபடி இருக்கு.

—நீ மாத்தவே இல்லையா? சரிங்க, சரிங்கன்னு மண்டையை ஆட்டினியே.

—நீங்க குடோனுக்குப் போறேன்னு சொன்னதுக்கு ஆட்டினேன்.

—அப்ப அவர் உக்காந்திருந்த நேரம் பூரா?

—அவர் உள்ள கால் வைக்கறப்பவே விலை என் கண்ணு முன்னாடி இருந்துச்சு.

—பாவி. என்னையும் சேர்த்துல்ல வேர்க்க வச்ச.

—நீங்க வேர்த்ததாலதான் அவர் நம்பினாரு. நான் சொல்லியிருந்தா நீங்க சிரிச்சிருப்பீங்க.

—சரி, ஒத்துக்கறேன். கெட்டிக்காரிதான். சிரிக்காத, இன்னும் நான் முடிக்கல. இன்னைக்கு ஒரு நாள் சமாளிச்சுட்ட. ஆனா புதுக் கடையில தினமும் ஒருத்தன் வருவான். இத்தனை வருஷமா அந்தப் பழசு தானா இழுத்து இழுத்துத் திறந்துச்சு, அந்த நிழல்ல நம்ம பொழப்பு ஓடுச்சு. அது செஞ்ச வேலையை, வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் முகம் மாறாம நீ செய்ய முடியுமா?

—அது இழுத்தது நிஜம்தாங்க. அதனாலதான் இந்த லேப்டாப் வந்த நாள்லேர்ந்து, காலையில வாசல் கூட்டறதுக்கு முன்னாடியே விலைப்பட்டியலைத் திறந்து வச்சுடுவேன். சாயங்காலம் கடை சாத்தற வரைக்கும் ஒரு நாள்கூட அதை மூடினதில்ல.