உரிமையும் ஒரு கையுறையும்

விட்பியிலிருந்து டவுன்ரவுன் போகும் ரயிலில், கலியாணமொன்றுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்திருந்த சகலன்மார் இருவர் எனக்கு எதிரே இருந்தார்கள். மூத்தவர் லண்டன், இளையவர் நியூ ஜெர்சி.

"எந்தக் குப்பை வாளிக்குள்ள எதைப் போடோணுமெண்டு எங்கட கவுன்சில் சொல்லும். எனக்கு அது ஒரு நிம்மதி," என்றார் லண்டன்காரர்.

நான் போனைப் பார்ப்பதுபோலக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"உதென்ன நிம்மதி, அண்ணை? எங்கட பக்கம் கவர்மென்ற் ஆக்கள் வீட்டுப் படியேறினால் கோர்ட் ஓடர் எங்கையெண்டு கேப்பம். அது எங்கட உரிமை."

"நெஞ்சு நொந்தால் முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போன் அடிப்பியோ, இன்சூரன்சுக்கு அடிப்பியோ?"

"இன்சூரன்சுக்குத்தான். ஆனா உங்களை மாதிரி ரோட்டுக்கு ரோட்டு கமராவுக்குப் பல்லுக் காட்டமாட்டன்."

"நான் ஒரு பிழையும் செய்யேல்லை. பாத்திட்டுப் போகட்டும்."

"பிழை செய்யாதவனை ஏன் பாக்கோணும்? எந்தப் பொலிஸ் கேட்டாலும் நான் பேரும் சொல்லமாட்டன்!"

அப்போது சீருடை அணிந்த ரயில் ஊழியர் ஒருத்தி பெட்டிக்குள் வந்தாள். இருவரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். அவள் வாய் திறக்குமுன் லண்டன்காரர் பாஸ்போர்ட்டையும் ஜெர்சிக்காரர் லைசென்சையும் நீட்டினார்கள்.

அவள் ஒரு கறுப்புக் கையுறையை உயர்த்திக் காட்டி, யாருடையது என்று கேட்டாள்.

"ஊரை விட்டு முப்பது வருசமாச்சு," என்றபடி ஜெர்சிக்காரர் மெதுவாக உட்கார்ந்தார். "ஆமிக்காரன்ர செக்பொயின்ற் இன்னும் எங்களை விடேல்லை, அண்ணை."

கையுறை என்னுடையதுதான். வாங்குவதற்குக் கையை நீட்டினேன். அந்தக் கையில் ஏற்கனவே, அடையாளம் காட்டவென்று எடுத்த என் ஹெல்த் கார்ட் இருந்தது.